உதட்டுப் பேச்சு

9 நவம்பர் 1909

இன்று நூலகத்தில் அம்மா கதைப் புத்தகத்தின் ஏழாம் அத்தியாயம் வாசித்தாள். தறிக்காரப் பெண்கள் தலையில் ஒட்டிய பஞ்சோடே மில்லிலிருந்து வந்து, காலுறை பின்னிக்கொண்டே கேட்டார்கள். ஹொனோரியா சீமாட்டி தன் மாளிகைப் புத்தகங்களை வண்டியில் ஏற்றிவந்து பெண்களுக்கென்றே இந்த நூலகத்தைத் திறந்தபோது, வாசிக்கும் நாற்காலியை அம்மாவுக்குத்தான் கொடுத்தார். "கணீர்னு இருக்கு கெசையா, உன் குரல்!" என்றார் அம்மாவிடம். நானும் வளர்ந்து சீமாட்டி மாதிரிதான் ஆவேன்.

நடுவில் பெக்கி அத்தை சீமாட்டியின் தொப்பியைப் பார்த்துச் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்: "தொப்பியில கோழி அடைகாக்குதுடி!" தறி இரைச்சலில் காது கேட்காமல், உதட்டைப் பார்த்தே பழகிய பேச்சு; நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். சீமாட்டிக்குத்தான் அது தெரியாதே. "என்ன சொல்றாங்க வின்னி?" என்று கேட்டார்.

"தொப்பி அழகா இருக்காம், சீமாட்டியம்மா."

4 டிசம்பர்

பெண்களுக்கு ஓட்டு கேட்டு, மந்திரி பேசிய மண்டபத்தின் சன்னலை உடைத்தார்களாம். சீமாட்டியையும் அம்மாவையும் சிறையில் போட்டுவிட்டார்கள்.

அப்பா கத்தினார். "அந்தம்மா வீட்டுல நூறு சன்னல். நமக்கு இருக்கறதே ரெண்டு. உங்கம்மாவுக்கு எதுக்குடி இந்த வேலை?"

அடுப்பு மூட்டவில்லை.

8 டிசம்பர்

இருவரும் சிறையில் சாப்பிட மறுத்தார்களாம். சீமாட்டிக்கு இதயம் பலவீனம் என்று டாக்டர் சொல்லி, விட்டுவிட்டார்கள். அம்மா?

11 டிசம்பர்

பெக்கி அத்தை சொன்னாள். குழாய் — தொண்டைக்குள்ள, கஞ்சி ஊத்த — நாலு பேர் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு. எங்கம்மா நெஞ்சுல அந்த டாக்டர் கைவெச்சுக்கூடப் பாக்கலையாம். ஏன்? ஏன் பாக்கல?

3 ஜனவரி 1910

அம்மா வந்துவிட்டாள். குரல் இல்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. இனி வராது என்கிறார் எங்கள் தெரு டாக்டர்.

சீமாட்டி தன் தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் விளைந்த திராட்சை அனுப்பியிருந்தார். அம்மா தொடவில்லை. நான் தின்றேன். பிறகு வெட்கமாக இருந்தது.

7 ஜனவரி

வாசிக்கும் நாற்காலியில் இனி என்னை உட்காரச் சொல்கிறார் சீமாட்டி. உட்கார ஆசையாக இருந்தது. சீ! அம்மா உதட்டை அசைத்தாள்: "அது என் இடம்."

11 ஜனவரி

மரச்செருப்பு தரையில் அடிக்க, அம்மா நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறந்தாள். உதடுகள் அசைந்தன. எட்டாம் அத்தியாயம். பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு பின்னினார்கள்.

ஒரு பக்கம் முடிந்தது. புத்தகத்தை மூடினாள். உதடுகள் நிற்கவில்லை. காலைப் பிடித்தவள் யார், தலையைப் பிடித்தவள் யார். யார் யாருக்கோ போட்ட குழாய், கழுவவே இல்லை. அதே நேரம் சிறையில் பக்கத்து அறைக் கதவு திறந்த சத்தம் — சீமாட்டியை வீட்டுக்கு அனுப்பிய சத்தம்.

பின்னல் ஊசிகள் ஒவ்வொன்றாக நின்றன. பெக்கி அத்தை முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டாள்.

என் பக்கத்தில் சீமாட்டி புன்னகையோடு குனிந்தார். "என்ன சொல்றாங்க வின்னி?"

"கதைதான், சீமாட்டியம்மா" என்ற பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அம்மா என்னையே பார்த்தாள். "சொல்லு" என்றன உதடுகள்.

சிறையில் நடந்ததை அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். நான் எழுந்து நின்று, ஒரு சொல் விடாமல், உரக்கச் சொன்னேன்.

கதவுச் சத்தத்துக்கு வந்தபோது சீமாட்டி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கடைசிவரை எழுந்து போகவில்லை.