கட்டிலின் காலடியில் நின்றவர்

மஹய்யாவ, கண்டி
9.1.2022

அன்புள்ள குமாரிக்கு,

நான் நலம். கொரோனாவிலிருந்து நீ கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருகிறாய் என்று உன் அக்கா சுந்தரி சொன்னார். கேட்டு நிம்மதியடைந்தேன்.

நான் போன் எடுத்தால் நீ அக்காவிடம் கொடுத்துவிடுகிறாய். தொண்டைக்குள் குழாய் போட்டிருந்தவர்களுக்குப் பேச மூச்சுப் பிடிக்காது என்று டொக்டர் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் கடிதம். வேலை செய்யும் மாநகரசபைத் தண்ணீர்ப் பகுதிக்கு எழுதும் லீவுக் கடிதங்களை விட்டுவிட்டால், பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் உட்கார்ந்து எழுதும் முதல் கடிதம் இதுவாகத்தான் இருக்கும். பிழை இருந்தால் சிரிக்காதே.

வீட்டில் இருந்தது நாம் இரண்டு பேர். இப்போது நான் மட்டும். சோறு ஆக்குகிறேன். உப்பு ஒருநாள் கூடுகிறது, ஒருநாள் மறந்தே போகிறது. நீ இடியப்பம் அவித்துப் போட்ட கடைக்காரர்கள் ரோட்டில் என்னைக் கண்டால், "அக்கா எப்ப வருவாங்க?" என்று நிறுத்திக் கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?

ஒன்று மட்டும் என் மனதில் கிடந்து அரிக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கூட்டி வந்த அன்று நான் தந்த சுடுதண்ணியை நீ வாங்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். பக்கத்து வீட்டு ராக்கம்மா வந்து தந்ததும் குடித்தாய். களைப்பு என்றுதான் நினைத்தேன். அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றாய், அதையும் தடுக்கவில்லை. கலஹாவின் குளிர் உன் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் பயந்தேன்.

பொங்கலுக்கு வரட்டுமா? ஒரு வரி எழுது.

உன் நினைவாகவே இருக்கும்,
தியாகராஜா


கலஹா
23.1.2022

அன்பு அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. பொங்கலுக்கு வரவேண்டாம் என்று அக்கா மூலம் சொல்லியனுப்பியதற்கு வருத்தப்படாதீர்கள். அக்கா பொங்கல் வைத்தார். நான் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்கு அக்கா வேலைக்குப் போனதும் நான் தனியே இருப்பேன். தலை சீவினால் முடி கொத்துக் கொத்தாய் வருகிறது. தேங்காய் துருவக் கையில் பலமில்லை. வாசலிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற சின்ன மேட்டில் இடையில் நின்று மூச்சு வாங்கவேண்டும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்கு நிற்கிறேன் என்று மறந்துவிடுகிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், "அதான் பொழச்சு வந்துட்டியே, இன்னும் என்னா?" என்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன். பிழைத்தது ஒன்று, சுகமாவது வேறொன்று என்பதை அவர்களுக்கு எப்படி விளக்குவது?

உங்கள் மேல் கோபமா என்று யோசிப்பீர்கள். எனக்கே தெரியவில்லை. இப்போதைக்கு வராதீர்கள். ஆனால் கடிதம் எழுதுங்கள். எழுத்தாக இருந்தால் என்னால் படிக்க முடிகிறது.

சோற்றுக்கு உப்பை உலை கொதித்த பிறகு போடுங்கள்.

இப்படிக்கு,
இராஜகுமாரி


மஹய்யாவ
6.3.2022

அன்புள்ள குமாரிக்கு,

இங்கே கரண்ட் வருவதைவிடப் போவதுதான் அதிகம். காஸ் இல்லை. ராக்கம்மா விறகடுப்பு மூட்டியிருக்கிறார், அவருடைய அடுப்பிலேயே என் சோறும் வேகிறது. உப்பு விஷயத்தில் நீ சொன்னபடி செய்கிறேன். இப்போது வாயில் வைக்க முடிகிறது.

முக்கியமான செய்தி வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்கள். மூச்சு மிசினில் இருந்து பிழைத்தவர்கள் அதற்குப் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம். நெஞ்சு, கைகால் பலம், ஞாபகம், மனது எல்லாவற்றையும் பார்ப்பார்களாம். பேசியவர் றமீஸா என்ற நர்ஸ் மிஸ். "வீட்டுக்கு அனுப்பினதோட எங்கட வேலை முடிஞ்சிச்சின்னு நெனச்சிட்டோம் ஐயா. போனவங்க என்ன பாடு படுறாங்கன்னு எங்களுக்கே தெரியல்ல. அதத்தான் தெரிஞ்சிக்கப் பாக்கிறோம்" என்றார்.

உன்னைக் கேட்காமல் நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் போய் வந்தால் நல்லது என்று படுகிறது. உனக்கு என்ன செய்கிறது என்று கேட்கவாவது ஓர் ஆள் இருக்குமே. நீ வேண்டாம் என்றால் நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
தியாகராஜா


கலஹா
2.5.2022

அன்பு அத்தானுக்கு,

போய்வந்தேன். வந்த அலுப்பில் சில நாள் படுத்தே கிடந்தேன். அதனால்தான் தாமதம்.

ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். விரலில் கிளிப் மாட்டி நீளமான வராந்தாவில் நடக்கச் சொன்னார்கள். என்னோடு ஒரு பஸ் டிரைவரும் நடந்தார். நல்ல ஆகிருதியான ஆள், பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு மட்டுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு றமீஸா மிஸ் என்னைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்து, "மிசின்ல இருந்த நாள்ல என்னென்ன ஞாபகம் ஈக்கி?" என்று கேட்டார். இதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. நான் அழுதுவிட்டேன். அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. படிக்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் கட்டிலின் காலடியில் நீங்கள் நின்றீர்கள். என் கைகளைக் கட்டியிருந்தார்கள். வாய் நிறையக் குழாய். டொக்டரைப் பார்த்து நீங்கள், "போதும் சேர், கழட்டிருங்க. இன்னும் எத்தன நாளைக்கி இதக் கட்டி அழுறது?" என்று சொன்னீர்கள். சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். உங்கள் குரல்தான், அத்தான். பிறகு வீட்டில், "குமாரி, தண்ணி குடிக்கிறியா?" என்று அதே குரலில் கேட்டபோது பயந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

றமீஸா மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்பட வாணாம் அக்கா. மருந்து மயக்கத்துலயும் ஒக்சிசன் கொறஞ்சதுலயும் நெறைய பேருக்கு இப்படி வந்தீக்கி. ஒருத்தர் அவரக் கப்பல்ல ஏத்தி வித்துட்டாங்கன்னு இன்னமும் சொல்றாரு. நடந்தத விட இதுதான் தெளிவா நிக்கும்" என்றார். பிறகு, "அந்த நேரம் வார்டுக்குள்ள ஒருத்தரையும் விடல்லயே" என்றும் சொன்னார்.

அப்படியானால் நீங்கள் அந்த நாட்களில் எங்கே இருந்தீர்கள்? நான் கேட்டதே இல்லை.

இப்படிக்கு,
குமாரி


மஹய்யாவ
15.5.2022

அன்புள்ள குமாரிக்கு,

கலவரத்தால் ஊரடங்குச் சட்டம் போட்டிருந்தார்கள். தபால் கந்தோர் திறந்ததும் இதைப் போடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். திரும்ப வந்து படித்தேன். இத்தனை மாதம் இதைத் தனியே சுமந்திருக்கிறாய்.

உன்னை அம்பியூலன்சில் ஏற்றிய மறுநாள் எனக்கும் நோய் என்று வந்துவிட்டது. கலகெதரப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். அங்கேதான் இருந்தேன். வெளியே விட்ட பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அடுத்த நாளும் வந்தேன். எதிர்ப்பக்கம் பூட்டிக் கிடந்த ஹலீம் நானாவின் கடைக்கு முன்னால் நின்று உன் வார்டு எந்த ஜன்னல் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நான் பார்த்தது சரியான ஜன்னல்தானா என்று இன்றுவரை தெரியாது.

நடந்தது இதுதான். ஆனால் இதை எழுதியதும் உன் பயம் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. நீ கண்டது உனக்கு நடந்ததுதான். செய்யாததற்கு நான் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை, குமாரி. உன்னைப் பயமுறுத்தியவனுக்கு என் முகம் இருந்ததே, அதற்காக வருந்துகிறேன்.

அவசரப்படாதே. நான் இங்கேதான் இருப்பேன்.

தியாகராஜா


கலஹா
12.6.2022

அன்பு அத்தானுக்கு,

நீங்கள் எழுதியதை நம்புகிறேன். மூளை நம்புகிறது. உடம்பு இன்னும் நம்பவில்லை. அக்கா என்னைத் திட்டுகிறார்: "அந்த மனுசன் ரோட்டுல நின்னு காஞ்சிருக்காரு, நீ என்னாடி இன்னும்?" திட்டினால் போகிற சங்கதி இல்லையே இது.

அடுத்த முறை ஆராய்ச்சிக்கு வரும்போது வீட்டார் ஒருவரையும் கூட்டிவரச் சொன்னார்கள். பெரஹரா ஊர்வலம் முடிந்த பிறகு நாள் சொல்வார்களாம். நீங்கள் வருவீர்களா? வந்து என் பக்கத்தில், அதே வாங்குப் பலகையில் உட்காருங்கள். நானாகப் பேசும் வரை பேசவேண்டாம். இப்படிக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

குமாரி


மஹய்யாவ
3.7.2022

அன்புள்ள குமாரிக்கு,

வருவேன். பெற்றோல் இல்லை, பஸ் இல்லை என்று எதையும் காரணமாகச் சொல்லமாட்டேன். இங்கிருந்து நடக்கிற தூரம்தான். நீதான் கலஹாவிலிருந்து வரவேண்டும். பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால் ஏறாதே. நெரிசலில் நிற்காதே.

பேசமாட்டேன்.

தியாகராஜா


கலஹா
21.8.2022

என் அன்பு அத்தானுக்கு,

அன்று ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்ன சொல் தவறாமல் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாங்கின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தீர்கள். எவ்வளவு மெலிந்துவிட்டீர்கள்! சட்டைக் கழுத்து தனியாக நின்றது. நான் வராந்தாவில் நடந்தபோது நீங்கள் எழுந்து நின்று பார்த்ததையும், நான் திரும்பியதும் சட்டென்று உட்கார்ந்ததையும் கண்டேன். போன முறையைவிட நன்றாக நடந்தேனாம்.

இப்போது எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். றமீஸா மிஸ் உங்களைக் கூப்பிட்டுப் பேசிய இடத்துக்கும் நான் இருந்த வாங்குக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். எல்லாம் கேட்டது.

"அக்காவப் பத்தி போதும். இப்ப உங்களப் பத்திச் சொல்லுங்க. நீங்க நல்லாத் தூங்குறீங்களா?" என்று அவர் கேட்டார்.

"என்னையவா கேக்குறீங்க?" என்றீர்கள்.

"ஓம், உங்களத்தான். மிசின்ல இருந்தவங்க மட்டுமா நோயாளி? வெளிய நின்னவங்களும்தான்."

அதற்குப் பிறகுதான் சொன்னீர்கள். "போன் அடிச்சா இன்னமும் கை நடுங்குது மிஸ். அந்த நாள்ல சாயங்காலம் சாயங்காலம் ஆஸ்பத்திரியில இருந்து போன் வரும். ஒருநாள் டொக்டர் சொன்னாரு, மனசத் தெடப்படுத்திக்கங்கன்னு. அத நான் யாருக்கிட்டயும் சொல்லல. சொன்னா நெசமாயிருமோன்னு பயம்." சொல்லிக்கொண்டு வரும்போதே உங்கள் குரல் உடைந்துவிட்டது.

இத்தனை வருஷத்தில் நீங்கள் அழுது நான் கேட்டதில்லை. உங்கள் அப்பா இறந்தபோதுகூட மற்றவர்களைத்தான் தேற்றிக்கொண்டிருந்தீர்கள். உள்ளே வர எழுந்தேன். பிறகு, முதல் தடவையாக ஒருவர் உங்களைக் கேட்கிறார், முழுவதும் சொல்லி முடிக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது ஒன்றும் தெரியாதவள் போல இருந்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகு அக்காவின் தோளில் சாய்ந்து அழுதேன். நான் நோயாளி, நான் நோயாளி என்றே இருந்துவிட்டேன். அங்கே ஒருவர் இத்தனை மாதமாய்ப் படுக்காமலே நோயாய்க் கிடந்திருக்கிறார்.

பொய் சொல்லமாட்டேன். கட்டிலின் காலடியில் நின்றவர் இன்னும் இடையிடையே வருகிறார். இது முழுதும் போக நாளாகலாம், சிலருக்குப் போகாமலும் இருக்கலாம் என்று றமீஸா மிஸ் மறைக்காமல் சொன்னார். ஆனால் அத்தான், அவர் வந்து நின்றபோது நான் கவனித்துப் பார்த்தேன். அவருக்குக் கை நடுங்குவதில்லை. இனி அவர் யார், நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை வந்து என்னைக் கூட்டிப் போங்கள். மூட்டை பெரிதில்லை. மேடு ஏறும்போது நான் நடுவில் நிற்பேன், நீங்களும் நில்லுங்கள். வழியில் பேசிக்கொண்டு வாருங்கள்.

உங்கள்
குமாரி