பெரட்டில் சொன்ன சேதி

லாபிஸ்
8-12-1935

சபாபதிக்கு அப்பா அய்யாவு எழுதுவது. நான் சுகம். வீட்டில் எல்லாரும் சுகம் என்று எப்போதும் எழுதுகிற வரியை இந்தத் தடவை எழுத முடியவில்லை. உன் சுகத்தைக் கேட்கவும் மனம் வரவில்லை, சிங்கப்பூரில் சீன முதலாளி தவுக்கேயின் லாரியில் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது. உன் பெண்சாதி செல்லம் எட்டு நாளாகத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். உயிருக்கு ஒன்றுமில்லை. வயிற்றில் இருப்பதும் தங்கிவிட்டது என்று டிரெஸ்ஸர் சொல்கிறார். இதை முதலில் எழுதியது உனக்காக இல்லை, மீதியை நீ பாதியில் மடித்து வைக்காமல் படிக்க வேண்டும் என்பதற்காக.

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது, இரண்டு மாதமாக நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று அவள் உன்னிடம் சொன்னாளாம். ரயில் ஏறுவதற்கு முன் நீ அவளுக்குச் சொல்லிப் போன புத்தியும் இப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. அஞ்சு மாசம் முடியிற வரைக்கும் ஆபீசுல யாருகிட்டயும் வாயத் திறக்காதே, தெரிஞ்சா பால் வெட்டுலேர்ந்து எடுத்துப் புல்லு வெட்டுக்குப் போட்டுருவாங்க, சம்பளம் பாதியாயிரும், அப்பாகிட்டயும் சொல்லாதே, அவரு நேரா கணக்கெழுதுற கிராணிகிட்ட போயி நிப்பாரு என்று சொன்னாயாம். ஒரே கூரைக்குக் கீழே என் கையில் கஞ்சி வாங்கிக் குடிக்கிற பெண்ணை எனக்குத் தெரியாமல் வாந்தி எடுக்க வைத்தாய். வயித்துல பித்தம் மாமா என்றாள், நானும் இஞ்சி தட்டிக் கொடுத்தேன். உன் அம்மா இருந்திருந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள், நான் புகைவீட்டில் ரப்பர் சீட்டைப் பார்த்தே கண் அவிந்தவன்.

எடுத்த எடுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்காதே. நீ வயிற்றில் இருந்தபோது இரண்டாம் மாதமே உன் அம்மா அந்தக் காலத்துக் கங்காணியிடம் சொன்னாள், மறுநாள் விடியலில் வேலைக்குப் பெயர் வாசிக்கிற பெரட்டில் அவள் பெயரைக் கூப்பிடவில்லை. நாலு வருஷத்துக்கு முன் ரப்பர் விலை விழுந்தபோதும் நம் தோட்டத்தில் பிள்ளைத்தாய்ச்சிகள் பெயரைத்தான் முதலில் ஊருக்குத் திருப்பி அனுப்புகிற கப்பலுக்கு எழுதினார்கள், உனக்குத் தெரியும். பயப்படக் காரணம் இருக்கிறது. ஆனால் பயந்தது நீ, சுமந்தது அவள். இது மழைக்காலம். மலைக்காட்டு ரப்பர் மர நிரையில் வழுக்காத இடம் உண்டா, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்தச் சரிவில் இறங்குகிறவளுக்கு அஞ்சு மாதம் என்று நாள் குறிக்க நீ யார்.

எட்டு நாளுக்கு முன்னால் விழுந்தாள். பக்கத்து நிரையில் இருந்த அங்கம்மாதான் ஓடிப் போய்த் தூக்கியிருக்கிறாள். கங்காணி வந்து, கொட்டின பாலுக்கு யார் பதில் சொல்றது என்றுதான் முதலில் கேட்டானாம். சேலையெல்லாம் ரத்தமா இருக்கு, உனக்குப் பால்தான் தெரியுதா என்று அங்கம்மா கத்தினாளாம். மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அசையாமல் படுக்க வேண்டும், மூன்று நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார் டிரெஸ்ஸர்.

அன்று சாயங்காலம் ஆபீசுக்குப் போனேன். வராத நாளுக்குக் காரணம் எழுதாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். கிராணி சிவசம்பு நல்ல மனுஷன்தான், நோயை வருத்தம் என்பது அவர் ஊர்ப் பேச்சு, அவளுக்கு என்ன வருத்தம் எண்டு எழுத, சொல்லுங்கோ அய்யாவு என்றார். சுற்றி நாலு ஆம்பிளைகள் நின்றார்கள். மருமகள் விஷயத்தை மாமனார் வாயால் எப்படிச் சொல்வது. காய்ச்சல் என்றேன். அவரும் காய்ச்சல் என்று எழுதிக்கொண்டார். திரும்பி வந்து செல்லத்திடம் சொன்னபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, நீங்களும் மறைச்சிட்டீங்களா மாமா என்றாள். உன்னைத் திட்ட எனக்கு அதுவரை இருந்த தைரியம் அந்த இடத்தில் போய்விட்டது. அதைச் சரிசெய்த பிறகுதான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

மறுநாள் விடியுமுன் பெரட்டுக் களத்துக்குப் போனேன். கிராணி பெயர் வாசித்துக்கொண்டு வந்தார். செல்லம் என்று கூப்பிட்டதும் நான் முன்னால் போய், அவளுக்குக் காய்ச்சல் இல்ல சார், என் மருமக புள்ளத்தாச்சி, நாலாம் மாசம், நேத்து நான் பொய் சொன்னேன், மாத்தி எழுதுங்க என்றேன். கங்காணி சிரித்தான். கிராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதை ஒரு மாசம் முந்திச் சொல்லியிருந்தா மலையிலேயிருந்து இறக்கி விட்டிருப்பனே என்றார். அப்போது கடைசி வரிசையிலிருந்து பேச்சியம்மாள் வந்தாள், போன வருஷம் கல்யாணமாகி வந்த பெண், அவள் புருஷன் கையைப் பிடித்து இழுத்தான், உதறிவிட்டு வந்து, எனக்கும் மூணு மாசம் சார், என் பேரையும் எழுதிக்குங்க என்றாள். அவன் உன்னைப் போலவே ஒருத்தன். களத்தில் அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

துரை உத்தரவு கிராணி மூலம் வந்துவிட்டது. பெயர் அடிபடவில்லை. செல்லம் எழுந்து நடமாடியதும் அவளுக்கும் பேச்சியம்மாளுக்கும் நாற்றங்காலில் வேலை. சம்பளம் குறையும், நீ பயந்தது சரிதான், சந்தோஷப்பட்டுக்கொள். கங்காணி என்னோடு பேசுவதில்லை, அதில் எனக்கு நஷ்டமில்லை. ரத்தம் மூன்றாம் நாளே நின்றது. நேற்று கருவாட்டுக் குழம்பு கேட்டாள், அங்கம்மா வைத்துக் கொடுத்தாள், முழுவதும் சாப்பிட்டாள்.

மழையில் வடக்குப் பக்கக் கூரை ஒழுகுகிறது, நான் பார்த்துக்கொள்கிறேன். லாரியைக் குடித்துவிட்டு ஓட்டாதே. கோவத்தில் பதில் எழுதாதே, எழுதினால் அவளுக்குப் படித்துக் காட்ட மாட்டேன். முருகன் உனக்கு ஆயுசையும் அதைவிட முக்கியமாகப் புத்தியையும் கொடுக்கட்டும். கடைசியாக ஒன்று. பிள்ளை எந்த மாதம் பிறக்கும் என்று டிரெஸ்ஸர் நாள் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அதையும் எழுதலாமா என்று செல்லத்திடம் கேட்டேன். வேண்டாம் மாமா, அத எப்ப சொல்லணும்னு நான் பாத்துக்கறேன் என்றாள். எழுதவில்லை.

இப்படிக்கு
உன் அப்பா
அய்யாவு