உன் வாசலில் தேர் நின்ற கதை

மச்சான்,

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். தலவாக்கலையில் உன் கொமினிகேஷன் கடையில், ஆட்கள் காசு கொடுத்து போன் பேச வருகிற இடத்தில், கால் ஆடுகிற அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் பிளேன்டீயோடு சொன்னேன். நீ சிரித்தாய். இப்போது பார்.

போன கிழமை மகள் கொழும்பிலிருந்து வந்திருந்தாள். மடியில் வைத்துக்கொள்ளும் கணினியைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் சூடேறிய தூசி வாசம் வந்தது. உன் கடையில் அந்தப் பெரிய பெட்டி சூடாகும்போது வருமே, அதே வாசம். மூக்கு என்னைக் கேட்காமலே தலவாக்கலைக்குப் போய்விட்டது.

"என்னம்மா வாசிக்கிற?"

"நான் இருக்குற குழுவுல சட்டம் போட்டிருக்காங்கப்பா. மதத்தப் பத்தி எப்படிப் பேசணும்னு."

வாசித்துக் காட்டினாள். நேரில் சொல்லத் துணியாததை எழுதாதே. உன் நம்பிக்கையைச் சொல், அடுத்தவர் நம்பிக்கைக்குத் தீர்ப்புச் சொல்லாதே. வேடிக்கையாகச் சொன்னால் அது வேடிக்கை என்று தெரியும்படி சொல். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"இது எங்க சட்டம்டி! நானும் மாமாவும் போட்டது. அப்படியே எடுத்துருக்கானுங்க!"

"ஆமா, இன்டர்நெட்டையே நீங்க ரெண்டு பேருந்தான கண்டுபுடிச்சீங்க" என்று அடுப்படியிலிருந்து உன் தங்கச்சி குரல் கொடுத்தாள். அவளுக்கு என் அருமை எப்போது தெரிந்தது?

நான் படித்தது ஆறாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை என்பதுதான் உண்மை. நீ தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற வேலையை விட்டுவிட்டு டவுனில் கடை போட்டபோது, ஒரு கணினி வாங்கு, காலம் மாறுது என்று சொன்னது நான். நீயாகவே வாங்கினாய் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும்.

அந்தப் பெட்டிக்குள் நம் ஊர்ப் பிள்ளைகளின் குழு ஒன்று இருந்தது. வட்டகொடை, பூண்டுலோயா பக்கத்தில் பிறந்து, கொழும்புக் கடைகளிலும் டுபாயிலும் நின்றுகொண்டிருந்தவர்கள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி ஊரை விசாரிப்பார்கள். ஸ்டோர் சங்கு இன்னும் ஊதுதா? பீலிக்கரையில் தண்ணி வருதா? நீ வாசித்துச் சொல்வாய். நான் பதில் சொல்வேன். நீ தட்டுவாய். நான் சொன்னதில் பாதியைத்தான் தட்டினாய் என்று எனக்குத் தெரியும்.

திருவிழா நெருங்கியபோது ஒருவன் கேட்டான்: இந்த வருஷம் மாரியம்மன் தேர் எப்படி?

மச்சான், நீ வேதக்காரன். சுவரில் மாதா படம், கழுத்தில் சிலுவை. ஆனால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் ஒட்டிய நம் லயத்தில் தேர் வந்தால் எல்லா வாசலிலும் மஞ்சள் தண்ணீர்க் குடம் இருக்கும், உன் வாசலிலும் இருக்கும். தேர் நிற்கும். இழுத்து வருகிறவர்கள் காலில் நீ தண்ணீர் ஊற்றுவாய். ஊற்றிவிட்டு நிமிர்ந்து ஆத்தாவைத் திட்டுவாய். "வருசத்துக்கு ஒருக்காத்தான் இந்தப் பக்கம் வருவியா? எம்மகனுக்கு அம்மை போட்டப்ப எங்க போயிருந்த, தூங்குனியா?" பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பூசாரியும் சிரிப்பார். அந்தத் திட்டு இல்லாமல் தேர் நகர்ந்ததே இல்லை. பெற்றவளைத் திட்டுகிற உரிமை அது, லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அதையே அப்படியே குழுவில் தட்டிவிட்டாய். "ஆத்தா இன்னும் எந்திரிக்கல. தூங்கு மூஞ்சி."

வேண்டாம் மச்சான், இதில் உன் மூஞ்சி தெரியாது, பேர் மட்டுந்தான் தெரியும் என்று நான் சொன்னேன். சொன்னேனா, நினைத்தேனா, அது இப்போது சரியாக நினைவில்லை. உன் பெயரோ பைபிளில் இருந்து எடுத்த பெயர். நம் லயத்தை ஒருநாளும் பார்க்காத ஒருவன், எங்கிருந்தோ, வேதக்காரன் எங்க சாமியைக் கேவலமாப் பேசுறான் என்று எழுதினான். இன்னொருவன் மாதாவை இழுத்தான். அதற்கு ஒருவன் பதில். நான்கே நாளில் அந்தக் குழு, அடைமழை பெய்த மறுநாள் குதிரைப் பந்தயத் திடல் மாதிரி ஆகிவிட்டது; கால் வைத்த இடமெல்லாம் சேறு.

சேறு மலையேறி நம் தோட்டத்துக்கும் வந்தது. கோயில் கமிட்டிப் பையன் கடைக்கு வந்து நின்றானே, தலையைக் குனிந்துகொண்டு.

"அண்ணே, இந்த வருசம் ஒங்க வாசல்ல தேர் நிக்காதுங்க."

"ஏன்டா, ஆத்தா சொன்னாளா, கமிட்டி சொல்லுச்சா?"

"வெளியூரு ஆளுங்க எல்லாம் போன் போட்டுக் கேக்குறாங்கண்ணே. நாங்க என்ன செய்ய?"

"நீ சின்னப் புள்ளையில இருந்து நான் திட்டுறதக் கேட்டுச் சிரிச்சவன்தானடா?"

அவன் போனபிறகு கணினி முன்னால் உட்கார்ந்து முதலில் மன்னிப்பு எழுதினாய். பிறகுதான் அந்த மூன்று சட்டம். சாமியைப் பற்றி எழுத வர்றவன் எந்தத் தோட்டம், எந்த லயம்னு சொல்லிட்டு எழுதணும். அடுத்தவன் சாமியைப் பேசுறப்ப அவன் வாசல்ல நின்னு பேசுறதா நினைச்சுக்கிட்டுப் பேசணும். சிரிச்சுக்கிட்டுச் சொன்னா, சிரிச்சுக்கிட்டுச் சொல்றேன்னு பக்கத்துல போடணும். இந்தக் கடைசிச் சட்டத்தைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் போனில் வருகிற அந்தச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சியைச் செய்தான் என்று நான் மகளிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

தேர் நாளும் வந்தது. நீ வெள்ளை வேட்டி கட்டி, குடத்தோடு உன் வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில் நின்றாய். பையன்கள் நிற்காமல் இழுத்தார்கள். ஆனால் சக்கரம் உன் வாசலுக்கு நேரே வந்ததும் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. லயமே சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. ஆத்தா தலையிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு வந்து உன் காலடியில் நின்றது. மேளக்காரருக்கு அருள் வந்துவிட்டது. நீ தண்ணீர் ஊற்றித் திட்டிய பிறகுதான் தேர் நகர்ந்தது.

இப்படித்தான் கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் சொல்லி வருகிறேன். உன்னை அடக்கம் செய்த அன்றைக்கும் சொன்னேன். பாதிரியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மகளிடமும் சொன்னேன். அவள், "அப்பா, நெசமா நின்னுச்சா?" என்று கேட்டாள். நெசமா என்றேன்.

உன்னிடம் அது செல்லாது மச்சான். நீ அங்கேதான் நின்றாய். தேர் நிற்கவில்லை. மேளம்கூட மெதுவாகவில்லை. உன் வாசலைத் தாண்டி, அடுத்த வாசலான என் வாசலுக்கு வந்து நின்றது. நான் என் குடத்தைத் தூக்கப் போனேன். அதற்குள் நீ கொல்லைப்புறமாகச் சுற்றி வந்து, என் முதுகுக்குப் பின்னால் நின்று, உன் குடத்தை என் கையில் வைத்தாய்.

"நீ ஊத்து. தண்ணி யாரு வீட்டுதுன்னு அவளுக்குத் தெரியும்."

ஊற்றினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். இந்த வருஷம் உன் வீட்டுக்காரி நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கும் வயதாகிறது மச்சான், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கிறது.