மூன்று கப் மாவும் அறுபத்தாறு கிலோவும்

நிலவின் மறுபக்கம், ‘குறிஞ்சி’ தொலைநோக்கி நிலையம்.
பதிவர்: அருமைராஜ், பராமரிப்புப் பொறியாளர், வயது 48. என்னைத் தவிர இங்கே யாரும் இல்லை.

நாள் 1, 06:40
எடை 79.2. (இங்கே எடை ஆறில் ஒரு பங்குதான். எடை மேடை பூமிக் கணக்குக்கு மாற்றிக் காட்டும்.) காற்று வடிகட்டி சரி. மின்கலம் 91 சதவீதம். தொலைநோக்கி சரி. நான்தான் சரியில்லை.

இதை எடுத்துப் படிப்பவருக்கு விவரம்: என்னை அழைத்துப் போக வந்த ஆளில்லாக் கலம் இறங்கும்போதே கால் முறிந்து கவிழ்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது பாறை மாதிரிகளை மேலே அனுப்பும் சிறு கூண்டு மட்டும். நிலையக் கதவோடு ஒட்டி நிற்கும் அதில் ஓர் ஆள் போகலாம். ஆனால் விண்வெளி உடுப்பு நீங்கலாக, ஆளும் கையில் உள்ள சாமானும் சேர்ந்து 66 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால், மேலே சுற்றிவரும் தாய்க்கலத்தைக் கூண்டு எட்டாது. தாய்க்கலம் ஐம்பதாம் நாள் வரும். அதை விட்டால் பதினான்கு மாதம். என்னிடம் ஏழு மாதக் காற்றுதான் இருக்கிறது.

ஐம்பது நாளில் பதின்மூன்று கிலோ. சொந்தக் கல்யாணத்துக்கே இரண்டு கிலோ குறைக்க முடியாத ஆள் நான்.

நாள் 1, 10:15
பூமியில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து டாக்டர் ரஹ்மத் நிஷா: “சார், இனிமே சோறு, இட்லி, சப்பாத்தி எதுவும் கெடையாது. மூணு வேளையும் சத்து மாவுதான். ஒரு வேளைக்கு ஒரு கப்பு, தண்ணில கலக்கிக் குடிங்க. மொத்தம் எண்ணூறு கலோரி. கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது. தெனம் நாப்பது நிமிசம் ரப்பர் பட்டை இழுக்கணும். அத மட்டும் விட்டுறாதீங்க.”

நெருக்கடிக் கையிருப்பில் நூறு டப்பா மாவு இருந்தது. வெனிலா மணம் என்று எழுதியிருக்கிறது. வாயில் வைத்தால் சுண்ணாம்புச் சுவர்.

நாள் 6, 07:00
எடை 76.1. மூன்று கிலோ போயிருக்கிறது! பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்று டாக்டர் சொன்னார். இருக்கட்டும், கூண்டுக்குத் தண்ணீரும் எடைதானே.

நல்லதைச் சொல்லாவிட்டால் நாக்கு அழுகும். மாவில் யோசிக்க ஒன்றும் இல்லை. சமைக்க வேண்டாம், அளக்க வேண்டாம், ‘இன்னும் ஒரு கரண்டி’ என்ற பேச்சே கிடையாது. இருபது நிமிட வேலை ஒரு நிமிடத்தில் முடிகிறது. மிச்சப் பத்தொன்பது நிமிடமும் பசிக்கிறது.

நாள் 12, 07:00
எடை 75.9.

நாள் 15, 07:00
எடை 76.0. ஏறியிருக்கிறது. மூன்று கப் மாவைக் குடித்துவிட்டு எவனுக்காவது எடை ஏறுமா? மேடையைக் கழற்றிப் பூட்டினேன். 76.0. ஓங்கி ஒரு உதை விட்டேன். கால் வலிக்கிறது. 76.0.

மலச்சிக்கல் நான்காம் நாள். மெல்ல ஒன்றும் இல்லாமல் தாடை சும்மா இருந்து வலிக்கிறது. சும்மா இருந்தால் வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

நாள் 17, 11:30
டாக்டர் கோபமாகப் பேசினார். “சார், நேத்து சிறுநீர்ல உப்பு தாறுமாறா இருக்கு. மாவத் தவிர என்ன சாப்பிடுறீங்க? மறைக்காதீங்க.”

சத்தியமாக எதுவும் சாப்பிடவில்லை என்றேன். அவர் கேமராவைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். மேசைமேல் நார்த்தங்காய் ஊறுகாய்.

“அது என்ன சார்?”

“அது ஊறுகாய், டாக்டர். சாப்பாடு இல்ல. தொட்டுக்க.”

டாக்டர் தன் பட்டியலை எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: “எங்க வீட்லயும் அத யாரும் கணக்குல சேக்க மாட்டாங்க. நான் போட்ட பட்டியல்லயும் அதுக்கு எடம் இல்ல. என் தப்புந்தான். உப்பு தண்ணியப் புடிச்சு வச்சிருக்கு சார். கொழுப்பு கொறஞ்சாலும் மேடைல தெரியாது.”

ஒரு கப்புக்கு ஒரு துண்டு, சில வேளை இரண்டு. மோர் மிளகாய் வேறு. தினமும் ‘என்ன சாப்பிட்டீர்கள்’ என்று கேட்டபோதெல்லாம் ‘மூன்று கப்’ என்று மனசாரச் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்லவில்லை. தொட்டுக்கொள்வதைச் சாப்பிட்டேன் என்று எங்கள் ஊரில் எவன் சொல்லுவான்? பத்து நாள் மண்ணாய்ப் போச்சு.

பாட்டிலைக் குப்பைக் குழாயில் போட்டேன். போடுமுன் முகர்ந்தேன். அழுதேன். ஊறுகாய்க்கு அழுத முதல் பொறியாளர் நானாகத்தான் இருப்பேன்.

நாள் 22, 07:00
எடை 73.4. தண்ணீர் இறங்கிவிட்டது. ஆனாலும் கணக்கு உதைக்கிறது. இருபத்தெட்டு நாள், ஏழரைக் கிலோ. இந்த வேகத்தில் போனால் வரம்புக்கு மேல் ஒரு கிலோ நிற்கும்.

கூண்டின் பொறுப்பாளர் கோமதிநாயகம்: “அண்ணாச்சி, கூண்டத் தரையோட பிடிச்சு வச்சிருக்க கொக்கியோட மோட்டாரக் கழத்தியாச்சுன்னா உங்களுக்கு ஒன்னரைக் கிலோ கூடக் கிடைக்கும்லா? கொக்கிய கைச்சக்கரத்துல நீங்களே சுத்தி விட்டுரலாம். நாப்பது சுத்துதான்.”

முன்பே சொல்லியிருக்கலாமே வே! உடனே கழற்றினேன். என் வரம்பு 67.5 ஆனது. துள்ளிக் குதித்தேன். இங்கே குதித்தால் தலை கூரையில் இடிக்கும். இடித்தது.

நாள் 24, 16:20
கோமதியின் குரலே சரியில்லை. “அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. கைச்சக்கரமும் அதோட கம்பியும் சேத்துப் பாத்தா ஒன்னரைக் கிலோ அங்கயே சரியாப் போச்சு. வரம்பு பழைய அறுவத்தாறுதான். மோட்டார் வயர அறுத்துட்டீங்களா?”

அறுத்துவிட்டேன். ஒட்ட வைக்கச் சாமான் இல்லை. நாற்பது சுற்று மட்டும் மிச்சம். சவத்து மூதி. அவனையும் சொல்கிறேன், மாவையும் சொல்கிறேன்.

நாள் 27, 07:00
எடை 72.0. இன்றிலிருந்து இரண்டு கப்தான். டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் தசை, புரதம் என்று பாடம் எடுப்பார். தசையை வைத்துக்கொண்டு நிலவில் சாவதா? ரப்பர் பட்டையையும் நிறுத்திவிட்டேன். இழுத்தால் கண் இருட்டுகிறது.

நாள் 33, 07:10
எடை 69.9. இறங்குகிறது! மாவு வேலை செய்கிறது. மாவுக்கு ஜே.

என் மனைவி ஜெசிந்தாவின் செய்தி: “என்னங்க, படத்துல கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருக்கு. பாக்கவே சகிக்கல. பரவால்ல. ஒட்டுன கன்னத்தோடயே வந்து சேருங்க.”

நான்கு தடவை கேட்டேன்.

நாள் 41, 07:30
67.8. குளிர்கிறது. முடி கொட்டுகிறது. மேடைமேல் நிற்கவே சுவரைப் பிடிக்கிறேன். நேற்று டப்பா மூடி திறக்கவில்லை. மாவு டப்பா. பல்லால் திறந்தேன்.

சிறுநீர்க் கணக்கிலிருந்து டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. “ரெண்டு கப்பா குடிக்கிறீங்க? எத்தன நாளா? சார், மேடை கிலோவ மட்டுந்தான் காட்டும். கொழுப்பு போகுதா சதை போகுதான்னு அதுக்குத் தெரியாது!” கத்தினார். நானும் கத்தினேன். யாருக்கு 66 வேண்டும், எனக்கா உங்களுக்கா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அழுதுவிட்டார்.

நாள் 50, 07:00
65.7. வந்துவிட்டேன். முந்நூறு கிராம் மிச்சம்கூட இருக்கிறது. ஏவல் நேரம் 11:20.

நாள் 50, 08:50
கூண்டுக்குள் இருக்கிறேன். சக்கரம் ஆறு சுற்று சுற்றியது. ஏழாவது வரவில்லை. கை நடுங்குகிறது. பத்து நிமிடம் இருந்து பார்த்தேன். காலால் உதைத்தேன். எடை இருக்கிறது, பலம் இல்லை. கொக்கி விடாமல் கூண்டு கிளம்பாது.

அடப்பாவி, அருமைராஜ். ஐம்பது நாளாக மேடையைத்தானே பார்த்தாய்.

நாள் 50, 09:05
டாக்டர் ரஹ்மத் நிஷா: “சார், நான் சொல்றதக் கேளுங்க. இப்பவாவது கேளுங்க. ரத்தத்துல சர்க்கரையே இல்ல. நிலையத்துக்குள்ள போங்க. குளுக்கோஸ் கரைச்சுக் குடிங்க. எலுமிச்சைச் சோறு பொட்டலம் ஒண்ணு சாப்பிடுங்க. முழுசா. எடையப் பத்தி நான் பாத்துக்கிறேன்.”

எப்படிப் பார்த்துக்கொள்வார்? என் எடையை அவரா சுமப்பார்?

நாள் 50, 09:25
சாப்பிட்டேன். மென்றேன். ஒவ்வொரு பருக்கையாக. குளுக்கோஸ் தண்ணீர் இருநூறு, சோறு முந்நூறு. வேர்க்கடலை கிடந்தது. எண்ணினேன், ஒன்பது. கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. அதுவும் எடைதான், போகட்டும்.

நாள் 50, 10:40
பத்து, பதினெட்டு, இருபத்தைந்து. இடையில் படுத்துக்கொண்டேன். முப்பத்தொன்று. தோலுரிந்துவிட்டது. நாற்பது.

கொக்கி விட்டது. கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் கூச்சல் போடுகிறார்கள்.

நாள் 50, 11:02
கூண்டின் இருக்கை, உடுப்பைக் கழித்துக் காட்டுவது 66.27. தலைமுடியை வழித்தேன். உள்சட்டையைக் கழற்றினேன், மோதிரத்தையும் கழற்றினேன். 66.08. எண்பது கிராம். கையில் இனி ஒன்றும் இல்லை, இந்தப் பதிவுப் பலகை தவிர. இதன் அடியில் அச்சிட்டிருக்கிறது: 310 கிராம்.

கோமதிநாயகம்: “அண்ணாச்சி, அத வெளிய போட்டுட்டுக் கதவச் சாத்துங்க. எழுதுனது போதும். நீங்க வந்து வாயால சொல்லுங்க, நாங்க கேக்கோம்.”

நாள் 50, 11:09
இதை எடுப்பவருக்கு.

மாவு அறுபத்து மூன்று டப்பா அலமாரியில் இருக்கிறது. எடை குறைக்கும், பொய் இல்லை. நான் சாட்சி. ஆனால் மூன்று கப் என்றால் மூன்று கப், இரண்டு இல்லை. பட்டையை இழுங்கள். எதைத் தொட்டுக்கொண்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் திட்டுவார், திட்டட்டும்.

சோற்றுப் பொட்டலம் கீழ்த்தட்டில், இருபது. மோதிரம் கதவோரப் பெட்டியில். உள்ளே ஜெசிந்தா என்று பெயர் இருக்கும். வீட்டில் சேர்த்துவிடுங்கள். நானே வந்து சேர்ந்திருந்தால் என்னிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் அவளிட

கோமதி கத்துகிறான். கை நடுங்கவில்லை. வைக்கிறே