குல் ஜான் காத்திருந்த இடம்

ஜனவரி 14, செவ்வாய்

இன்று மியூசியம் மீட்டிங்கில் நான் சொல்லாதது: குல் ஜான் என்ற பெயர்.

ஒட்டகக் கண்காட்சியில் எட்மண்ட் ஹாலிவெல் பற்றிய பலகைக்கு மேனேஜர் லீனா மேடம் கடைசி வடிவம் கொடுத்துவிட்டார். ஹாலிவெல் ஆஸ்திரேலியாவில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆட்டு மந்தை வைத்திருந்த வெள்ளைக்காரச் சீமான். கராச்சியிலிருந்து ஒட்டகங்களையும் ஒட்டகக்காரர்களையும் கப்பலில் வரவழைத்து, பாலைவனத்தை ஆராயக் குழு அனுப்பினார். நூலகம் கட்டினார். ஆஸ்பத்திரி கட்டினார். எல்லாம் உண்மை.

சீக்கு வந்த ஒட்டகங்களோடு ஒட்டகக்காரன் குல் ஜானை ஒரு கிணற்றருகே விட்டுப்போனதும் உண்மை. "இங்கேயே இரு, வருகிறோம்" என்றார்கள். குழு வேறு வழியாக ஊர் சேர்ந்தது. தேட ஆள் அனுப்ப ஹாலிவெல் பணம் தரவில்லை. இதில் ரகசியமே இல்லை, அச்சான புத்தகத்திலேயே இருக்கிறது. நான் எழுதியிருந்த அந்தப் பத்தி போய், "உள்ளூர் உதவியோடு" என்று இரண்டு சொல் வந்திருக்கிறது. கராச்சிக்காரன் அங்கே எப்படி உள்ளூர்?

"யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?" என்றார் மேடம். நான் தண்ணீர் குடித்தேன்.

ஜனவரி 15

ரூம்மேட் ஜினி நைட் டியூட்டி முடிந்து வந்ததும் சொன்னேன்.

"அவன் என்ன, ஒனக்க தாத்தாவா? செத்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. கான்ட்ராக்ட் புதுப்பிக்கப் போற நேரம். வாய வச்சிட்டு சும்மா கெட மக்களே."

கட்டில் திரையை இழுத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். ஒரே ரூமில்தான் இருக்கிறோம். அவள் வரும்போது நான் கிளம்புகிறேன்.

ஒருவர் சொன்ன சொல்லை நம்பி ஒரு மனிதன் எவ்வளவு காலம் உட்கார்ந்திருப்பான்?

ஜனவரி 22

குரல் பதிவு. ஒவ்வொரு பலகைக்கும் கீழே ஐந்து மொழிகளுக்குப் பொத்தான்கள். அரபியையும் ஆங்கிலத்தையும் பலபேர் சரிபார்க்கிறார்கள். தமிழை எழுதுவதும் நான், பேசுவதும் நான். சரிபார்க்க ஆள் இல்லை.

தாளில் இல்லாத குல் ஜான் கதையையும் சேர்த்துப் பேசினேன்.

பதிவு செய்த தியாகு அண்ணன் மதுரைக்காரர். ஹெட்போனைக் கழற்றினார். "ஏம்மா, இங்கிலீஷ் சட்டுனு முடிஞ்சிருச்சு. நீ என்ன, புராணமே பாடுற?"

"தமிழ்ல வார்த்தை நீளம்ணே."

"நீளம் மட்டும்தானா?"

மறுபடி ஓடவிட்டுக் கேட்டார். "அந்தாளு தண்ணிக்கு என்ன பண்ணுனான்?"

"தெரியாதுண்ணே."

மைக்கை என் பக்கம் நகர்த்தினார். "அந்தப் பேர மட்டும் இன்னொரு தடவ சொல்லும்மா. தெளிவா விழல."

பிப்ரவரி 14, வெள்ளி

கண்காட்சிக்குத் தனியாகப் போனேன். தமிழ்ப் பொத்தானை யாரும் தொடவில்லை. நானே அழுத்தி, நானே கேட்டேன்.

மார்ச் 4

யாரோ கேட்டிருக்கிறார்கள்! ராஸ் லஃபான் எரிவாயு நகரத்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஒரு இன்ஜினியர். பெயர் பத்திநாதன். "தமிழில் மட்டும்தான் முழுக் கதையும் இருக்கிறது. எழுதியவருக்குப் பாராட்டு. மற்ற மொழிகளிலும் சேர்க்கலாமே" என்று ஆங்கிலத்தில் மெயில் அனுப்பியிருக்கிறார், நேராக நிர்வாகத்துக்கு. நல்ல மனுஷன். பாராட்டியே மாட்டிவிட்டார்.

"அஜிஷா, நீயா செய்தாய்?" மேடம் கத்தவில்லை.

"ஆமாம்."

"தியாகுவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

புத்தகத்தைக் கேட்டார். பக்கத்தை எடுத்துக் காட்டினேன். என் முன்னாலேயே நின்றபடி படித்தார். பிறகு, "இதை அன்றைக்கே மீட்டிங்கில் சொல்லியிருக்கலாமே" என்றார்.

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லல? பயந்தேன், வேற என்ன.

ஏப்ரல் 29

ஆங்கிலத்திலும் அரபியிலும் புதுப் பலகை வைத்துவிட்டார்கள். குல் ஜான் பெயர் இருக்கிறது. கிணறும், ஆள் அனுப்பாததும் இருக்கின்றன. அனுமதி வாங்காதது என்று தமிழ்ப் பதிவை நீக்கிவிட்டார்கள். பொத்தான் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மூடி. தியாகு அண்ணன் போட்டோ அனுப்பினார்.

என் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை. வெள்ளிக்கிழமை திருவனந்தபுரம் வழியாக ஊருக்கு டிக்கெட்.