அம்மாவின் தலைத்துண்டு

அண்ணா,

அம்மா தலைத்துண்டு கட்டாமலே கொழுந்து பறிக்கப் போனதைத்தான் நான் முதலில் கவனித்தேன். மூன்றாம் நாள் வேலைக்கே போகவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

மனசு சரியாகணும்னு கிளினிக்கில் கொடுத்த மாத்திரைப் பொட்டலம் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"கோயில்ல கயிறு கட்டியாச்சு, இனி மாத்திரை எதுக்குலா? ஒங்கண்ணன்தான் போன்ல சொன்னான்," என்றார்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. நானும்தான் அந்தக் கயிற்றை நம்பினேன். ஆனால் நேற்று, "நான் இல்லாட்டி நீங்க நிம்மதியா இருப்பீங்க," என்றார்.

எனக்கு ஆட்களிடம் பேச வராது, உனக்குத் தெரியும்.

கயிற்றை நான் அவிழ்க்கவில்லை. அம்மாவுக்குத் தலைத்துண்டு கட்டிவிட்டு, காய்கறி லோரியை நிறுத்தி, பிரிஞ்சாங் டவுன் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அம்மா சொன்ன அந்த வார்த்தையையும் சேர்த்து நர்ஸிடம் நானே சொன்னேன்.

உன் தங்கச்சி