பருந்துப் படத்தில் மூன்று பேர்

இன்று காலை ஒரு செம்பருந்து எங்கள் கோழிக்குஞ்சு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. அறுவடை முடிந்த வயலுக்கு மேலே அது வட்டமடித்ததை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அம்மா குசினி வாசலில் நின்று, கருடன் என்றபடியால் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் கல்லைத் தேடினா.

"கும்பிடுறதோ எறியிறதோ, ஒண்டைச் செய்யுங்கோ அம்மா," என்றேன்.

"நீ கதையை விட்டிட்டு மற்றக் குஞ்சுகளைப் பிடி."

அதற்குள் பருந்து பனைகளைத் தாண்டிவிட்டது. குஞ்சின் சத்தம் கொஞ்ச நேரம் மேலே கேட்டது. பிறகு கேட்கவில்லை.

நீ இங்கே நின்றிருந்தால் குஞ்சைப் பற்றி ஒன்றும் கேட்டிருக்க மாட்டாய். "வெய்யில் எந்தப் பக்கம் நிண்டது?" என்றுதான் கேட்டிருப்பாய்.

விசுவமடுவில் இருந்து அப்பா என்னைக் கொண்டுபோய் முல்லைத்தீவில் மாமா வீட்டில் படிக்க விட்ட வருடம், வகுப்பில் உன் வாங்கில்தான் இடம் இருந்தது. நான் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தேன். நீ என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, "நாங்கள் வேதக்காரர். கரைப் பக்கம். மீன் மணக்கும், சொல்லிப்போட்டன்," என்றாய். வெள்ளிக்கிழமை ஒன்றில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா எனக்கென்று பருப்பும் முருங்கையிலையும் சமைத்து வைத்து, "சாப்பிடு பிள்ளை, சட்டியும் வேறை," என்றா. அன்றிலிருந்து உங்கள் வீடு எனக்குப் பழகிப் போனது.

கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்த உன் அண்ணன், கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கி அனுப்பிய கறுப்புப் பெட்டிக் கமரா ஒன்று உன்னிடம் இருந்தது. வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடிக்குள் குனிந்து பார்க்க வேண்டும். அதற்குள் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். ஒரு சுருளில் எட்டுப் படம். சுருள் முடிந்ததும் யாழ்ப்பாணம் போகிற யாரிடமாவது ஸ்ரூடியோவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, படம் வரும்வரை நீ வகுப்பில் எந்தக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்ல மாட்டாய்.

உன் அண்ணன் குடும்பப் படம் எடுக்கச் சொல்லித்தான் அதை அனுப்பினான். "ஆக்களை எடுக்க ஸ்ரூடியோக்காரன் இருக்கிறான். குருவியளை ஆர் எடுக்கிறது?" என்றாய் நீ. பள்ளிக்கூட அலுமாரியில் இருந்த பறவைப் புத்தகத்தை நான் உனக்குக் கொண்டுவந்து காட்டினேன். அதில் இருந்தவை எல்லாம் இங்கிலாந்துப் பறவைகள். கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்துவிட்டு, "எங்கடை ஆலாவுக்கு இதிலை இடமில்லையோடி? அப்ப நாங்கள் ஒண்டு செய்வம். நான் படம், நீ எழுத்து," என்றாய். நான் அன்றிரவே முதல் வசனத்தை எழுதினேன். "எங்கள் கரையில் ஆலாக்கள் உண்டு." அதற்கு மேல் எழுத உன் படம் வேண்டும்.

முதல் சுருள் வந்தபோது உன் ஐயா எட்டுப் படத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கூழைக்கடாக்கள் மிளகளவுக்குத் தெரிந்தன. உள்ளான்கள் தெரியவே இல்லை.

"எட்டிலையும் கடல்தானே கிடக்கு. கடலைப் பாக்க எனக்குப் படமெடுக்க வேணுமே, பிள்ளை?"

நீயும் சிரித்தாய். ஆனால் அன்றைக்கே ஒரு வழி கண்டுபிடித்தாய். பறவைகள் ஆளைக் கண்டால் பறக்கும். ஆனால் கரைவலை இழுத்து, மீன் நிறைந்த வலையின் மடி கரைக்கு வருகிறபோது அவை ஒருவருக்கும் பயப்படுவதில்லை. ஆட்களின் காலுக்குள் கொக்கு நிற்கும். தலைக்கு மேலே பருந்து இறங்கும். அதனால் நீ விடிய எழும்பி, வலை இழுக்கிறவர்களுக்கு நடுவே கமராவைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினாய். "விலத்தடி, கயிறு காலிலை சுத்தப்போகுது," என்று ஏசுவார்கள். நீ அசைய மாட்டாய்.

ஆவணி மாதச் சுருளில் அந்தப் படம் வந்தது. செம்பருந்து இரண்டு சிறகையும் விரித்து, காலில் மீனோடு எழும்புகிறது. ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. பின்னால் முழங்கால் தண்ணீரில் கயிறு பிடித்தபடி மூன்று பேர் நின்றார்கள். நடுவில் நின்றது உன் மாமி திரேசம்மாவின் ஒரே மகன் சூசை. உனக்கு மச்சான் முறை. கண்ணாடிக்குள் நீ பருந்தை மட்டும்தான் பார்த்தாய். அவர்கள் மூன்று பேரும் படத்தில் இருப்பது ஸ்ரூடியோவிலிருந்து உறை வந்து பிரித்த பிறகுதான் உனக்கே தெரியும்.

"மாமி, சூசை மச்சானை நான் கேக்காமலே எடுத்துப்போட்டன்," என்று சொல்லிக்கொண்டு ஓடிப்போய்க் கொடுத்தாய். சூசை அதுவரைக்கும் ஒரு படத்திலும் நின்றதில்லை. மாமி அதை இயேசுவின் திருவிருதயப் படத்துக்குக் கீழே குத்தி வைத்தா. "பருந்து வடிவாத்தான் இருக்கு. ஆனா என்ரை பொடியன் அதைவிட வடிவு," என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினா.

ஐப்பசியில் வாடைக்காற்று முந்திவிட்டது. சூசையின் கட்டுமரம் புரண்டது. கூடப் போனவன் நீந்தி வந்தான். சூசை வரவில்லை.

மூன்றாம் நாள் காலை நாங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தோம். வடக்கே கண்டல் மரங்கள் தொடங்குகிற இடத்தில் பறவைகள் எழும்பி எழும்பி இறங்கின. நீ நின்றுவிட்டாய்.

"மீனெண்டால் ஆலாவும் வரும். அங்கை காகம் மட்டும்தான் இறங்குது," என்றாய்.

பிறகு புத்தகங்களை என் கையில் திணித்துவிட்டு ஆட்களைக் கூப்பிட ஓடினாய். நீ சொன்னது சரி. பாயால் மூடிக் கொண்டுவந்ததை நான் இங்கே எழுத மாட்டேன். மாமி பாயைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று நின்றா. நாலு பேர் பிடித்து வைத்திருந்தார்கள்.

செத்தவீட்டில் சுவரில் இருந்த படத்தை யாரோ ஒரு பெண் உற்றுப் பார்த்தா. "மூண்டு பேர். நடுவிலை சூசை," என்றா. அவ்வளவுதான் சொன்னா. அது போதுமாக இருந்தது. மூன்று பேர் நின்று படமெடுத்தால் நடுவில் நிற்பவர் இருக்க மாட்டார் என்று உங்கள் பக்கத்திலும் சொல்வார்கள், எங்கள் பக்கத்திலும் சொல்வார்கள். மூன்று பேர் போனால் ஸ்ரூடியோக்காரரே கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து நாலாக்கிவிடுவார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு குரல் கேட்டது: "பிணம் கிடந்த இடம் அவளுக்கு எப்பிடித் தெரியும்?" நீ குடத்தோடு அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தாய். நீட்டிய செம்பை ஒருவரும் வாங்கவில்லை.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அடுத்த நாள் மாமி உங்கள் முற்றத்துக்கு வந்தா. நானும் அங்கே இருந்தேன். அந்தப் படத்தை உன் முன்னால் போட்டா. சூசையைச் சுற்றிக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தது. பருந்தின் ஒரு சிறகும் அவனோடு போயிருந்தது.

"உன்ரை பருந்தை நீ வைச்சிரு. என்ரை பிள்ளையை நான் எடுத்திட்டன்," என்றா.

அதன் பிறகு உனக்குப் படக்காரி என்று பெயர் வைத்தார்கள். நீ ஒழுங்கையால் வந்தால் சின்னப் பிள்ளைகள், "மூண்டு பேராய் நிக்காதேங்கோ, படக்காரி வாறாள்," என்று கலைந்து ஓடுவார்கள். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. பெரியவர்கள் விளையாடவில்லை. உன் அம்மாவின் கடகத்தில் இருந்து மீன் வாங்குவது நின்றது. கயிறு இழுக்கிறவர்கள் உன்னைக் கண்டதும் ஒரு ஆளைக் கூட்டியோ குறைத்தோ நின்றார்கள். நீ கமராவே கொண்டுவராத நாளிலும் அப்படித்தான்.

ஒரு நாள் நந்திக்கடல் கரையில் கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னாய்: "நான் நடுவிலை நிண்டு ஒரு படம் எடுக்கப்போறன். எடுத்துப்போட்டு உயிரோடை திரியிறன். அதுக்குப் பிறகு என்ன சொல்லுவினம், பாப்பம்."

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. விஞ்ஞான பாடத்தில் பரிசோதனை என்று படித்தோமே, அதுதான் இது என்று நான் சொன்னேன். ஒரு பக்கம் நான் நிற்கிறேன் என்றேன். மற்றப் பக்கத்துக்கு ஒரு ஆள் வேண்டும். கமராவை ஒரு எண்ணெய் வீப்பாவின் மேல் வைத்துவிட்டால் யாரும் ஒரு விரலால் அமத்தலாம். மற்றப் பக்கத்தில் நிற்க அந்த ஒரு ஆளைத் தேடித்தான் நாங்கள் அலைந்தோம்.

வகுப்பில் கேட்டாய். "செத்தா நான்தானே சாவன். உங்களுக்கு என்ன?" என்றாய்.

"ஓரத்திலை நிக்கிறவைக்கு ஒண்டும் வராதெண்டு உனக்கு எழுதித் தந்தவையோ?" என்றாள் ஒருத்தி. "மாமியைக் கேள், நிப்பா," என்றாள் மற்றவள். எல்லோரும் சிரித்தார்கள்.

பருந்துப் படத்தில் சூசைக்கு இரு பக்கமும் நின்றவர்கள் உயிரோடுதானே இருக்கிறார்கள் என்று அவர்களிடமே போனாய். அவர்கள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். ஒருவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மற்றவன், "ஒருக்காத் தப்பினது காணும் தங்கச்சி," என்றான். திரும்பி வரும் வழியில் நீ, "ஒரு கொக்கைப் பிடிச்சு நிப்பாட்டினாலும் கணக்குச் சரிதானே?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அவர்கள் உன் ஐயாவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் உன்னை அடிக்கவில்லை. கமராவை றங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் கட்டிக்கொண்டார். "இந்தக் கரையிலை நாங்கள் சீவிக்க வேணும், பிள்ளை," என்றார்.

தையில் உனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து உன்னைத் திருப்பிக் கொண்டுவந்தபோது நான் மாமா வீட்டுப் படலையில் நின்றேன். வண்டி என்னைக் கடந்து போனது.

சவப்பெட்டியை மூட முன் செத்தவீட்டுப் படம் எடுக்க வேண்டும். வெள்ளத்தால் றோட்டு முறிந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரும் வர வழியில்லை. உன் படம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. கமரா வைத்திருந்தவள் நீ, அதனால் ஒன்றிலும் நீ இல்லை. உன் அம்மா உன் ஐயாவின் இடுப்பில் இருந்த திறப்பைத் தானே அவிழ்த்து, றங்குப் பெட்டியைத் திறந்து, கமராவை என்னிடம் கொண்டுவந்து தந்தா. உள்ளே நீ முடிக்காத சுருள் இருந்தது.

"வீட்டுக்குள்ளை வெளிச்சம் காணாது. முற்றத்துக்குக் கொண்டுவாங்கோ," என்று நான் பெரியவர்களுக்குச் சொன்னேன். உன்னை வெய்யிலுக்குக் கொண்டுவந்து, பெட்டியின் தலைப் பக்கம் உயர்த்தி வைத்தார்கள்.

செத்தவீட்டுப் படம் என்றால் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள், உனக்குத் தெரியும். நான் கமராவை வயிற்றோடு பிடித்ததும் ஒவ்வொருவராகப் பந்தலுக்குப் பின்னால் போனார்கள். கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் உன் ஐயா. மற்றப் பக்கம் உன் அம்மா. நடுவில் நீ.

பந்தலடியில் இருந்து மாமியின் குரல் வந்தது. "அண்ணை, விலத்து. மூண்டு பேர்."

உன் ஐயா ஒரு கால் எடுத்து வைத்தார். உன் அம்மா பெட்டிக்கு மேலால் கையை நீட்டி அவருடைய சட்டையைப் பிடித்து நிறுத்தினா.

"நடுவிலை நிக்கிறதுதானே சாகவேணும், மச்சாள்? அவள் செத்துத்தானே கிடக்கிறாள்," என்றா. பிறகு என்னைப் பார்த்து, "நீ எடு பிள்ளை," என்றா.

நான் எடுத்தேன்.

படம் வந்தபோது உன் ஐயாவின் முகம் கலங்கியிருந்தது, அவர் அசைந்துவிட்டார். உன் அம்மாவின் கையும் கலங்கியிருந்தது. நீ மட்டும் கண்ணிமை மயிர் வரைக்கும் தெளிவாக விழுந்திருந்தாய்.

முப்பத்தோராம் நாள் உன் அம்மா கமராவை ஒரு துணிப் பையில் போட்டு என்னிடம் தந்தா. "இஞ்சை கிடந்தா அவர் உடைச்சுப்போடுவார். நீ கொண்டு போ," என்றா. அதை மடியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் பஸ்ஸில் வந்தேன். எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு இருந்தா. பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கதைத்துக்கொண்டு வந்தா.

"முல்லைத்தீவிலை ஒரு பெட்டை. தாயையும் தேப்பனையும் ரெண்டு பக்கமும் நிப்பாட்டி, தான் நடுவிலை நிண்டு படம் எடுப்பிச்சவளாம். கிழமை திரும்ப முன்னம் காய்ச்சல். முடிஞ்சுது."

"உண்மையோ?"

"படத்தைக் கண்ட ஆக்கள் இருக்கினம்."

நான் முன்னுக்குக் குனிந்தேன். "அக்கா, அந்தப் படம் அவள் செத்த பிறகுதான் எடுத்தது. காய்ச்சல் முதல். படம் பிறகு."

"உமக்கென்னண்டு தெரியும்?"

"நான்தான் எடுத்தனான்."

அவா திரும்பி என் முகத்தைப் பார்த்தா. பிறகு மடியில் இருந்த பையைப் பார்த்தா. மூத்த பிள்ளைக்கும் தனக்கும் நடுவில் இருந்த சின்னவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவன் தலையைத் தன் சேலையால் மூடினா.

அந்தக் கிழமையே எங்கள் ஊர்க் கிணற்றடியில் என்னைப் படக்காரி என்றார்கள். நான் திருத்தவில்லை. எது முதல், எது பிறகு என்று சொல்லிப் பார்த்தாயிற்று. அம்மாவுக்கு அந்தப் பெயர் கேட்டால் அழுகை வரும். எனக்கு, யாரோ பின்னால் நின்று உன்னைக் கூப்பிடுவது போல இருக்கும். திரும்பிப் பார்க்கிறேன், எடி. ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.